வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன்

போன வருடம் என் மகள் பிறந்தபோது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அவளுடைய வலது பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றினால் நேராகிவிடும் என்றார் டாக்டர். எனக்கு வேறு கவலை. களக்காட்டில் எங்கள் தெருவுக்கே பட்டப்பேர் வைப்பவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது ஒன்றுதான் கைவந்த தொழில். காலைச் சாய்த்து நடக்கும் டீக்கடை அண்ணாச்சிக்கு ‘முக்கால்’ என்று வைத்ததும் நான்தான். என் மகளுக்குத் தெரு என்ன பேர் வைக்கும்?

அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸக்கா பெரிய நோட்டோடு வந்தார். பிறவிக் குறையோடு பிறக்கும் பிள்ளைகளின் விவரத்தை அரசாங்கத்துக்காகப் பதிகிறார்களாம்.

“எதுக்குக்கா? இப்பவே எம் மவளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறாவளா?”

“இஷ்டம் இல்லன்னா வேண்டாம்னு எழுதிக் குடுங்க தம்பி. பேரு பதிய மாட்டோம். வைத்தியம் அது பாட்டுக்கு நடக்கும்.”

இவ்வளவு சுலபமாக விடுகிறாரே என்றுதான் சந்தேகமே வந்தது. எழுதிக்கொடுத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தேன். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சந்தேகம் இன்னும் கூடியது.

நாலாம் நாள் டீக்கடை அண்ணாச்சி, யார் காதிலும் விழாமல் கேட்டார்: “ஏலே, புள்ளைக்கு கால்ல கட்டு போட்டாச்சா? பயப்படாத, சரியாயிரும்.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். நர்ஸ்தான் சொல்லியிருக்கிறார்!

அடுத்த கட்டுக்குப் போனதும் வரிசையில் நின்றபடியே நர்ஸக்காவைப் பார்த்துக் கத்தினேன். “ஊரு பூரா சொல்லிட்டு இங்கன வந்து நல்லவ மாதிரி நிக்கியளா?”

அவர் நோட்டைத் திறந்து, மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு எங்கள் வரியை மட்டும் காட்டினார். பேர் இல்லை, ஊர் இல்லை. ‘பெற்றோர் மறுப்பு’ என்று மட்டும் இருந்தது.

பிள்ளையை மடியில் வைத்திருந்த என் மனைவி தன் போனை அமுக்கினாள். என் குரல்! கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் பேசி அனுப்பியது, தெரு சுற்றி அவளுக்கே வந்திருந்தது.

“எலே மக்கா, எம் மவ பாதம் வளைஞ்சிருக்குன்னு நோட்டுல ஏத்த வந்தாவ. நான் விடுவனா? ஒரு பயலுக்குத் தெரியாதுல்லா!”

வரிசையே சிரித்தது. நர்ஸக்கா சிரிக்கவில்லை. “எக்கா, இவிய வாய்கிட்டதான் மொதல்ல எழுதி வாங்கியிருக்கணும்” என்றாள் மனைவி.

மகளின் பாதம் நேராகிக்கொண்டு வருகிறது. தெருவில் இன்றுவரை யாரும் அவளுக்குப் பட்டப்பேர் வைக்கவில்லை. அங்கே பேர் வைக்கிறவன் நான் ஒருவன்தானே, பிறகு யாருக்குப் பயந்து அவளை மறைத்தேன் என்று அண்ணாச்சி டீயை நீட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன்.