கோணல் விரலும் கணக்கு டீச்சரும்

இன்று காலை நானும் என் கணவரும் மகளின் பள்ளிக்குப் போனோம். கணக்கைத் தப்பாகப் போட்டாள் என்று நேற்று டீச்சர் ஸ்கேலால் அடித்ததில், நான்காம் வகுப்புக் குழந்தையின் உள்ளங்கை வீங்கிவிட்டது.

கோவில்பதாகை வீட்டிலிருந்து கிளம்பும்போதே இவரிடம் சொன்னேன். "நான் பேசிக்கிறேன் மாமா, நீ சும்மா நில்லு." பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்லவே கூச்சப்படுகிற மனிதர் அவர்.

எங்களுக்கு முன்னால் நின்ற வேறொரு பிள்ளையின் அப்பா டீச்சரிடம், "கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க மிஸ்" என்று சிரித்தார். டீச்சரும் சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் இடது கையை மேஜைமேல் வைத்தார். அதில் சுண்டுவிரல் கோணலாக இருக்கும். ஃபேக்டரி மெஷினில் மாட்டியது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"இது எங்க வாத்தியார் அடிச்சது மிஸ். அன்னிக்கு எங்கப்பாவும் இப்டித்தான் சிரிச்சிகினு நின்னாரு. எம் பொண்ணுக்குக் கணக்கு வரலன்னா ஊட்ல நான் சொல்லித் தரேன். அடிக்க மட்டும் அடிக்காதீங்க."

டீச்சர் அந்த விரலையே பார்த்தார். "சாரி சார், இனிமே அடிக்க மாட்டேன்" என்றார். அந்த அப்பாவின் சிரிப்பும் நின்றுபோனது.

வெளியே வந்ததும், "எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?" என்றேன்.

"அடி வாங்கினத பொண்டாட்டிகிட்ட எப்டி சொல்றது? அசிங்கமா இருந்துச்சு."

நடுத்தெருவிலேயே அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அப்பாவும் மகளும் வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். எட்டாவதைத் தாண்டாத எங்கள் புது வாத்தியாருக்கே விடை வரவில்லை. கணக்கு தெரிந்தவர்கள் உடனே கமெண்டுக்கு வரவும்.