அழிக்க மறுத்த புள்ளிகள்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், புதுச்சேரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.டெக் படித்துக்கொண்டிருந்தேன். ஜல்லி நிரப்பிய குழாயில் தண்ணீர் மிக வேகமாகப் பாய்ந்தால் எவ்வளவு அழுத்தம் குறையும் என்று அளந்து, அதையே கணினியில் கணக்கிட்டுக் காட்டுவதுதான் என் ஆய்வு.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் செய்து வாங்கினேன். ஜல்லியை லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கழுவிக் காயவைத்தேன். "கல்யாண வயசுல கல்லு கழுவுறா பாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்கும்படியாகத்தான்.

தண்ணீர் மெதுவாகப் போகும்வரை எல்லாம் பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்த இழப்பும் இரண்டு மடங்கு. வரைபடத்தில் நேர்கோடு. வால்வை இன்னும் திறந்ததும் கோடு மேல்நோக்கி வளைந்தது. கற்களின் இடுக்குகளில் தண்ணீர் மோதித் திரும்பிச் சுழலும்போது இழப்பு வேகத்தைவிடப் பன்மடங்கு ஏறுகிறது. அதற்கு வேகத்தின் வர்க்கத்தையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சரியான விடையை நெருங்க வேண்டிய என் புரோகிராம் உடனே தறிகெட்டு ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் விடை மேலும் கீழும் எகிறி, கடைசியில் திரை முழுக்க அர்த்தமில்லாத எண்கள்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்தார். சமர்ப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கடைசிப் புள்ளிங்களை எடுத்துடும்மா. உள்ள காத்து மாட்டியிருக்கும். நேர்கோடு வரைக்கும் காட்டினா போதும், மாடலும் ஒழுங்கா ஓடும்."

"காத்து இல்ல சார். பிரிச்சு மறுபடியும் நிரப்பி, கீழேர்ந்து மெதுவா தண்ணி ஏத்திப் பாத்துட்டேன். அதே வளைவுதான் வருது."

"சரி, இருக்கட்டும். உனக்கு எதுக்கு அந்த வேகம்?"

"தலைப்புலயே 'அதிவேக ஓட்டம்'னு இருக்கே சார்."

"தலைப்பை மாத்திக்கலாம்."

அவர் கெட்டவர் அல்ல. என்னை நேரத்துக்குக் கரையேற்ற நினைத்தார். ஆனாலும் அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் செய்து காட்டியதை மறைத்துவிட்டு வாங்குகிற பட்டம் எனக்கெதற்கு?

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த செமஸ்டர் பாத்துக்க."

"பாத்துக்கிறேன் சார்."

அதற்கான விலை தெரிந்துதான் சொன்னேன். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனி பட்டம் முடித்து வந்து சேரச் சொல்லியிருந்தது. அந்த வேலை போயிற்று.

"சார் சொல்றதை எழுதிக் குடுத்துட்டு வந்துடேன்டி. யாரு பாக்கப் போறா?" என்றாள் அம்மா. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய வழியெல்லாம் இதே பேச்சு.

"நான் பாத்துட்டேனேம்மா" என்றேன். அவள் ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த செமஸ்டர் முழுக்க ஆய்வகத்தில் நானும் அந்தப் பழைய கணினியும்தான். மின்சாரம் போனால் ஓடியதெல்லாம் போகும், மறுபடி தொடங்குவேன். ஒரு நாள், புதிய விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பழையதில் பாதியும் புதியதில் பாதியுமாகக் கலந்து அடுத்த சுற்றுக்கு அனுப்பிப் பார்த்தேன். எகிறல் தணிந்தது. எண்கள் மெல்ல மெல்ல ஓரிடத்தில் வந்து நின்றன. கணினியின் வளைவு என் புள்ளிகளின் மேலேயே போனது. யாரும் இல்லாத அறையில் மேசையை ஓங்கித் தட்டினேன்.

பேராசிரியர் புது வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் பெரிதாகப் பாராட்டவில்லை. "இன்னும் வேற அளவு ஜல்லியிலயும் செஞ்சிருக்கலாம்" என்றார். சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. வருத்தப்படவில்லை.

மறு வருடம் பேராசிரியர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். அடுத்த மாணவருக்கு என் புரோகிராம் வேண்டுமாம்.

"தர்றேன் சார்," என்றேன். "ஆனா அவங்களுக்கு எந்தப் புள்ளி வந்தாலும் எடுக்கச் சொல்லாதீங்க."

"சரிம்மா, கொண்டாந்து குடு" என்றார்.