கால்வாய் முட்டி நின்ற மதில்

காலை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. கோகிலவாணி அப்போது வாசலில் குந்தி, சட்டியில் குழைத்து வைத்திருந்த சிமெண்டு இறுகிவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு ஒடஞ்ச செங்கல் போதும். அருள்மேரி வூட்டாண்ட கெடக்குது, எடுத்தாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கணவர் ஜெயவேலு போயிருந்தார்.

எதிர்வீட்டுக் காலேப் ஓடி வந்தான். "யக்கா, அண்ணன் அருள்மேரி வூட்டுப் படியில உக்காந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு. மூச்சு இல்லக்கா." அவள் கரண்டியைச் சட்டியிலேயே நட்டுவிட்டு ஓடினாள்.

அனகாபுத்தூரில் ஆற்றங்கரையை ஒட்டிய அந்தத் தெருவிலேயே பிறந்தவர் ஜெயவேலு. அப்பா காலத்து நிலம் மனைகளாகிப் போனபின் தோல் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டினார். கம்பெனியை மூடியதும் நாற்காலி, ஷாமியானா, அண்டா என்று வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். காதுகுத்தோ கருமாதியோ, அவருடைய நீல நாற்காலிகள்தான் முதலில் வந்து இறங்கும். பெருவெள்ளத்தில் அவை தெருவெல்லாம் மிதந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டுத்தான் படுப்பார்.

அதனால், தெருவில் மழைநீர்க் கால்வாய் தோண்ட ஆட்கள் வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் மோர் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். தெருமுனையில் கோடிக்கணக்கில் தொகை எழுதிய பலகை நின்றது. கால்வாயும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால், காலி மனை ஒன்றின் மதிலில் முட்டி நின்றுவிட்டது. மிச்சம் வேறு திட்டத்தில் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குள் தெருக்காரர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். செப்டிக் டேங்க் லாரிக்கு அழ வேண்டாமே என்று ஒரே பிளம்பரைப் பிடித்து, வீட்டுக்கு வீடு கழிவறைக் குழாயைக் கால்வாயில் திருப்பிவிட்டார்கள். முதல் குழாய் ஜெயவேலு வீட்டுடையது. போக வழியில்லாமல் எல்லாம் வாசலிலேயே தேங்கி நாறியது. மழை பிடித்தால் அது வீட்டுக்குள் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். புகார் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

வார்டு கூட்டத்துக்கு ஜெயவேலு போனார். நாற்காலிகளும் அவருடையவைதான். "வாடகைக்குன்னே அண்ணன் மீட்டிங் வெக்கிறாருப்பா" என்று பின்னாலிருந்து அதே தெரு உதயா சீண்டினான்.

"நீ நின்னுகினே கேளு, உனக்கு வாடகை கெடையாது" என்றவர், பொறியாளர் மிருதுளாவிடம் திரும்பினார். "எத்தினி கோடின்னு எல்லாரும் கேட்டாங்க மேடம். அது எனக்கு வேணாம். கால்வாய் எங்க போய் சேருது? அத மட்டும் சொல்லுங்க."

"எங்கயும் சேரல சார்" என்றாள் அவள். "கடைசித் துண்டுக்குத் தனி எஸ்டிமேட் போடணும். நான் போட்டு அனுப்புறேன். ஆனா உங்க தெருக் கழிவெல்லாம் அதுல வருதே, அதை ஆத்துல விட நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? எல்லாக் குழாயையும் அடைச்சுட்டுச் சொல்லுங்க."

"மொத பைப்பே அண்ணன் வூட்டுதுதான் மேடம்!" என்றான் உதயா. ஜெயவேலுவும் சேர்ந்துதான் சிரித்தார்.

மறுநாளே சிமெண்டுச் சட்டியும் கொத்துக்கரண்டியுமாகக் கிளம்பினார். சிலர் திட்டினார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. "மழ வந்தா எங்க படுப்ப?" என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டார். ஒவ்வொரு வீடாக அடைபட்டது. அவர் வீட்டில் மட்டும், குடித்தனக்காரர் பகுதியிலிருந்து செப்டிக் டேங்குக்குப் புதுக்குழாய் போட்டு முடியவேண்டியிருந்ததால், கடைசிக்குத் தள்ளிப்போனது. அதை அடைக்கத்தான் அன்று காலை செங்கல் எடுக்கப் போயிருந்தார்.

அவரை எடுத்த மறுநாள், வியாழக்கிழமை, மிருதுளா பார்வையிட வந்தபோது வாசலில் நீல நாற்காலிகள் கிடந்தன. விஷயம் தெரிந்து தயங்கி நின்றாள். தெருவை ஒரு நடை பார்த்துவிட்டு வந்து கோகிலவாணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. உங்க வீட்டுது ஒண்ணுதான் பாக்கி. மூடியாச்சுன்னே எழுதிக்கட்டுமா? மழை வேற நெருங்குது."

"நான் ஒரு நிமிஷத்துல பூசிடறேன் மேடம்" என்று காலேப் எழுந்தான்.

"சாவு வூட்ல காரியம் முடியாம கரண்டி எடுப்பாங்களாடா?" என்று யாரோ பெரியவர் அதட்டினார். பதினாறாம் நாள் வரை அந்தத் தெருவில் துக்க வீட்டுச் சுவரில் ஒரு கை சிமெண்டுகூடப் பூசமாட்டார்கள். காலேப் உட்கார்ந்துவிட்டான்.

கோகிலவாணி மெல்லச் சொன்னாள். "மூடாதத மூடினதா எழுதாதீங்கம்மா. அவரு ஒத்துக்கமாட்டாரு. காரியம் முடிஞ்ச மறுநாள் நானே போன் பண்றேன்."

மிருதுளா தலையசைத்தாள். "அன்னிக்கே எஸ்டிமேட்டை அனுப்பிடறேம்மா."

அன்று மாலை ஆற்றுப் பக்கம் லேசாக இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் சிமெண்டுச் சட்டி அப்படியே இருந்தது. கரண்டி அதில் நட்டபடி கல்லாகியிருந்தது. அருள்மேரி கொண்டுவந்து வைத்த இரண்டு செங்கல் துண்டுகள் பக்கத்தில் கிடந்தன. குழாயின் வாய் திறந்தே இருந்தது.