புழுதிக்குச் சாணம் தெளித்த ஊர்

ஜெயசித்ரா என்ன வேலை பார்க்கிறாள் என்பது குரும்பலூரில் அவள் மாமியாருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"புழுதி அளக்கறேன் அத்தே."

"அதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே? நம்ம வூட்லயே கெடக்கே."

நாடு ஒரு ரூபாய் சம்பாதிக்க எவ்வளவு மண்ணைத் தோண்டுகிறது, எவ்வளவு புழுதியைக் கிளப்புகிறது என்று கணக்கிடும் ஆய்வில் அவள் ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் ரூபாய்க்கு இவ்வளவு என்ற எண் குறைகிறது. திறன் கூடிவிட்டதாக அறிக்கை பூரிக்கிறது. லாரிகள் மட்டும் குறையவில்லை. புழுதியைவிட வேகமாகச் சம்பாத்தியம் ஏறினால் அப்படித்தான் வரும். இதை விளக்கி விளக்கியே அவளுக்கு அலுத்துவிட்டது.

அன்று அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். முந்தின நாள் வைத்துவிட்டுப் போன புழுதி அளக்கும் கருவியை எடுக்க வேண்டும். புழுதி வரம்பைத் தாண்டியிருந்தால் லாரிகளை ஊருக்கு வெளியே திருப்புவதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அதற்காக மனு மனுவாகக் கொடுத்தவர் கொளஞ்சியம்மாள். அவர் மருமகளுக்கு மூச்சிரைப்பு.

தெரு நெடுகச் சாணம் தெளித்து ஈரமாகக் கிடந்தது. கருவியைச் சுற்றிக் கோலம். அதன் நெற்றியில் மஞ்சள், குங்குமம். உள்ளே புழுதி படிந்திருக்க வேண்டிய பில்டர் பேப்பர் சலவை வேட்டி மாதிரி வெளுப்பாக இருந்தது.

"யாரும்மா தெளிச்சது?"

"நாங்கதான். நேத்துலேருந்து மொறை வச்சுத் தெளிச்சோம்," என்றார் கொளஞ்சியம்மாள் பெருமையாக. "ஆபீஸ்லேருந்து மிஷின் வந்திருக்கு, தெருவை அழுக்காவா போடறது?"

"அழுக்கை அளக்கத்தாம்மா வந்துச்சு."

"அதுக்காக? ஒரு மட்டு மரியாதை வேணாம்?"

ஜெயசித்ரா பக்கத்து மதகின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கருவி மறுநாள் வாலிகண்டபுரம் போயாக வேண்டும்; இங்கே மறுபடி அளக்க வழியில்லை. இந்த அளவை அனுப்பினால் நாட்டின் திறன் ஒரு துளி கூடும். லாரிகள் என்றைக்கும் இதே தெருவில் ஓடும். செல்லாது என்று எழுதினால் அடுத்த சுற்று வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். அவளுக்கும் இந்த ஊரை அளந்ததற்கான கூலி கிடைக்காது.

செல்லாது என்று எழுதினாள்.

"நல்லா வந்துச்சாம்மா?"

"ரொம்ப நல்லா வந்துடுச்சு. அதான் தொல்லை. அடுத்த வருஷம் வரேன். தயவு பண்ணித் தெளிக்காதீங்க."

கொளஞ்சியம்மாளுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. ஒரு லாரி வந்தது. ஈரத் தெருவில் தூசியே கிளப்பாமல் போயிற்று.

"சரி, தெளிக்கல," என்றார். "ஆனா நீ வர்ற அன்னிக்கு முந்தியே சொல்லிடாத தாயி. சொன்னா எங்களுக்குக் கை சும்மா இருக்காது."