இருநூற்றெட்டுக்குப் பிறகு பதினேழு

எங்கள் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் செத்தவன் வீடு திரும்புகிறான் என்று ஒரு பேச்சு. வதந்தி என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். போய் எடுத்துப் படித்தேன்.

வியட்நாம் போர்க்காலக் கதைகள். ஒரே படைப்பிரிவு ஆட்கள்தான் எல்லாக் கதையிலும் வருகிறார்கள். ரேடியோ சுமக்கிறவன் ஐந்தாம் கதையில் வயல் வரப்பில் விழுந்து சாகிறான். கடைசிக் கதையில் அவனே ஊருக்கு வந்து, அம்மா வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறான்.

பக்க எண்ணைப் பார்த்தேன். பதினாறுக்கு அடுத்து முப்பத்து மூன்று. புத்தகக் கடைசியில் இருநூற்றெட்டுக்கு அடுத்து பதினேழு. அவன் விடுப்பில் வருகிற இரண்டாம் கதை, பதினாறு பக்கம் சேர்த்துத் தைக்கிற மடிப்பு ஒன்று, முழுசாகக் கிளம்பிப்போய்க் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது.

பக்கம் மாறியிருப்பதைச் சொன்னதும் நூலகர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எல்லாம் பைண்டிங் பண்ற பசையக்கா வேலை. இருபது வருஷத்துல ஒரு தாள் மாறினதில்ல. இது கைத்தவறா, திமிரா? நீங்க கேட்டுச் சொல்லுங்க. திமிருன்னா நாளையிலேருந்து அவங்களுக்கு இங்க வேலை இல்ல."

பின்னறையில் பசையக்கா தடித்த அகராதி ஒன்றுக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தார். நகமெல்லாம் காய்ந்த பசை.

"வாங்க. கிழிஞ்சது புத்தகமா, நீங்களா?"

"அந்த வியட்நாம் புத்தகம்கா..."

தூரிகையைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தார்.

அவருடைய அண்ணன் ராணுவத்துக்குப் போனவர். பதினோரு வருஷம் முன்னால் அண்ணனுடைய கைக்கடிகாரம் வந்தது, ஆள் வரவில்லை. அன்றிலிருந்து அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில். தைப்பதற்காகப் பிரித்த புத்தகங்களைப் பசையக்கா வீட்டுக்குக் கொண்டுபோவார். அண்ணி மடிப்பு மடிப்பாகப் படிப்பார்.

"அஞ்சாவது கதையோட அண்ணி நிறுத்திட்டாங்க. ரெண்டு நாள் தொடல. மூணாம் நாள் முழுசா முடிச்சு, அடுக்கி, கயிறு கட்டிக் கொடுத்தாங்க. 'பார்த்துத் தைம்மா'ன்னாங்க. பார்த்தேன். தைச்சேன்."

"நம்பர் கண்ணுல படலையா?"

"பதினேழுன்னு இவ்வளவு பெருசா போட்டிருக்கு, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஏன்னு அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா அவங்க வாயால சொல்லணுமே." தூரிகையை மறுபடி எடுத்தார். "பிரிச்சு ஒழுங்காத் தைக்க அரைமணி போதும். ஆனா சனிக்கிழமை அண்ணி வருவாங்க. வந்தா கடைசிப் பக்கத்தைத் திறப்பாங்க. அங்க அவன் இல்லன்னா நான் என்ன செய்ய?"

சனிக்கிழமை நானும் போனேன். வெள்ளைக் கைப்பையோடு ஒரு அம்மா வந்து, நின்றபடியே கடைசி இரண்டு பக்கம் படித்தார். மூடிய அட்டைமேல் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு புத்தகத்தை அதன் இடத்தில் செருகிவிட்டுப் போய்விட்டார். கேலி பேசியே பிழைக்கிறவன் நான். அன்று அந்தப் புத்தகத்தின் முதுகை அடுக்கில் நேராக்கி வைத்துவிட்டு வந்தேன்.

நூலகர் எதையும் படிக்கிற வழக்கம் இல்லாதவர், அடுக்குவதோடு சரி. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். பார்க்கும்போதெல்லாம், "கைத்தவறா, திமிரா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்கிறார்.

"விசாரிச்சிட்டிருக்கேன் சார்."

நாலு சனிக்கிழமை ஆகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை அவருக்கு நான் இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.