அரை ஒப்பட்டு

ஒப்பட்டு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் மானம் ரோஷம் கிடையாது. வெளியூர்க்காரர்கள் போளி என்பார்கள். கன்னடத்துப் பக்கம் என்பதால் எங்களுக்கு அது ஒப்பட்டு. பருப்பும் வெல்லமும் அரைத்த பூரணத்தை மாவுக்குள் வைத்து, வாழையிலையில் தட்டி, கல்லில் நெய் விட்டுச் சுடுவார்கள். அதைத் தின்று நான் அடி வாங்கியது ஒரே ஒருமுறைதான். அப்போது மூன்றாவது படித்தேன்.

அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, பெண் பார்க்க ஓர் இடம் வந்தது. அத்தைக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. ஏற்கெனவே ஆறேழு இடம் தட்டிப்போனதில், இந்தமுறை வீட்டுக்கு வரவேண்டாம், கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி, தேய்பிறை அஷ்டமியன்று அரூரிலிருந்து பஸ் பிடித்து அதியமான்கோட்டைக்குப் போனோம். தாத்தா இல்லாததால் முடிவு சொல்லவேண்டியவர் அப்பா.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேச்சு முடிகிறவரை ஒரு வீட்டார் கையால் மற்ற வீட்டார் எதுவும் தின்னக் கூடாது. தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைப்பது என்பார்கள். பஸ்ஸில் அம்மா என் காதைப் பிடித்து, “அவங்க என்ன வாங்கிக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லோணும், தெரியுதா?” என்று மூன்று முறை சொன்னாள். காரணம் மட்டும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்திருந்தார். அவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சொந்தமாகக் காடு கழனி இல்லை. அப்பாவுக்கு அதுதான் உறுத்தியது. சாமி கும்பிட்டு வெளியே வரும்போதே, “போன் பண்றோம்னு சொல்லிட்டுக் கெளம்பலாம்” என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். அப்படிச் சொன்னால் அந்தப் போன் ஒருநாளும் போகாது. அத்தைக்கும் அது தெரியும்.

வெளியே ஒப்பட்டுக் கடையில் கூட்டம் அம்மியது. கல்லிலிருந்து எடுப்பதற்குள் பத்துக் கைகள் நீண்டன. “யோவ், நான் முன்னாடியே வந்தேன்யா!” என்று ஒருவர் கத்தினார். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்த மாப்பிள்ளை, சட்டையெல்லாம் கசங்கி, ஆவி பறக்கும் நாலு ஒப்பட்டை இலையில் ஏந்தி எங்களிடம் வந்தார். “இப்பத்தாங்க டீ குடிச்சோம்” என்றார் அப்பா. டீயாவது, ஒன்றாவது! காலையிலிருந்து நாங்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மனிதர் இலையோடு அப்படியே நின்றார்.

பஸ் வருகிறதா என்று அப்பா ரோட்டைப் பார்த்தார். அம்மா குனிந்து பையில் எதையோ தேடினாள். அந்த நேரத்தில் அத்தை இலையிலிருந்து ஒரு ஒப்பட்டைப் பிட்டுப் பாதியை என் வாயில் வைத்துவிட்டாள். நாக்கு வெந்தது. துப்ப மனம் வருமா?

“அட! உங்க பாப்பா எங்க கையால தின்னுடுச்சுங்களே! அப்பறம் என்னங்க?” மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். “சின்னப் புள்ளைங்க, தெரியாம தின்னுடுச்சு. கடையில தின்னதெல்லாம் ஒரு பேச்சுங்களா?”

“கடையா இருந்தா என்னங்க? சாமி வாசல்ல நடந்திருக்குது.”

சாமி என்று வந்துவிட்டால் அப்பா எதிர்த்துப் பேசமாட்டார். கோபுரத்தைப் பார்த்தார், உப்பியிருந்த என் கன்னத்தைப் பார்த்தார். பிறகு அவரே இலையிலிருந்து ஒரு ஒப்பட்டை எடுத்துக்கொண்டு, “சரிங்க, தை பொறக்கட்டும்” என்றார்.

அவர்கள் போனதும் அம்மா கையால் என் முதுகில் ஒன்று விழுந்தது. “திங்கறதுக்குன்னே பொறந்திருக்குது பாரு!” நான் அழுதுகொண்டே அத்தையைப் பார்த்தேன். நான்தான் ஊட்டினேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ்ஸில் என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, தருமபுரியில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகக் காதில் சொன்னாள். அதனால் நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

தையில் கல்யாணம் முடிந்து அத்தை ஓசூருக்குப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் மட்டும் வெகுநாள் போகவில்லை. அடி வாங்கவைத்ததற்காக அல்ல. எது ஊட்டினாலும் ஊதி ஊதித்தான் அவள் எனக்கு ஊட்டுவாள். அன்று ஊதவில்லை. பிள்ளை வாய் வெந்துபோகுமே என்று என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இலையோடு நின்ற அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.