சுவிட்சில் தொங்கிய துண்டு

என் பொண்டாட்டியின் தம்பியோடு ஒரு தெருவைக் கடப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆள் கீழே பார்த்து நடக்கவே மாட்டான். கண் இரண்டும் கடை போர்டு மேலே இருக்கும். முடி வெட்டுகிற கடை, சாவி போடுகிற கடை, பல் டாக்டர், எதையும் விட மாட்டான். அந்த ஊர் மொழி தெரியாது. வந்த வாரத்திலேயே எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். அதை வைத்துக் கூட்டிக் கூட்டி உதட்டை அசைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பான். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான். சட்டையைப் பிடித்து இழுப்பது நான்.

நாங்கள் இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனி புது மாதிரி லிஃப்ட் வாங்கி மாட்ட ஆரம்பித்தது. அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று, அதைச் செய்கிற நாட்டுக்கே எங்களைப் படிக்க அனுப்பிவிட்டார்கள். தலை நரைத்த பிறகு எனக்குப் பெஞ்சு. கிளம்பும்போது பொண்டாட்டி சொன்னது ஒன்றுதான்: "அவன் பராக்குப் பாக்கறவன். முழுசா கூட்டிட்டு வந்து சேருங்க." நீங்களும் பத்திரமாக இருங்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அது கிடக்கட்டும். அந்த 'முழுசா'தான் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட டவுன் பஸ் ஜன்னலில் அவன் படித்தது அதிகம். பெயின்ட் கடையில் டின் தூக்கினான், தியேட்டரில் டிக்கெட் கிழித்தான், ஒன்றிலும் ஒட்டவில்லை. கடைசியில் என்னோடு லிஃப்ட் வேலைக்கு வந்தான். சுத்தமான கை. லிஃப்ட் பிடித்து ஏறி இறங்குகிற கம்பிக்கு, அதுதான் ரெயில், அவன் எண்ணெய் விட்டால் சத்தம் வராது. வாய்தான் ஓயாது.

"மாமா, இதப் பாருங்க. நம்ம ஊர்ல விக்கிற அதே பற்பசை. அதே கலர், அதே டப்பா. பேரு மட்டும் வேற."

"பேரு மாறினா பல்லு மாறுமா? முன்னாடி பாத்து நட."

"எதுக்கு மாமா பேரை மாத்தினான்?"

"அவனையே போய்க் கேளு. லாரி வருது, ஓரமா வா."

பாக்கெட் கலரைப் பார்த்து நம்ம ஊர் சோப்புத்தூள்தான் என்று ஒன்று வாங்கி வந்தான். துவைத்த சட்டையைப் போட்டதும் இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு பார்த்தால் அது தரை கழுவுகிற தூள். அதற்கும் சிரிப்பு அவனுக்கு. "நாம இப்ப பளபளன்னு இருக்கோம் மாமா."

படிக்கிற இடத்தில் கதவுக்குக் கதவு, படிக்குப் படி ஏதாவது எழுதி ஒட்டியிருக்கும். "ஒரு ஆணி அடிச்சாக்கூட 'இது ஆணி'ன்னு பக்கத்துல எழுதி வைப்பானுங்க போல" என்று கிண்டல் செய்துகொண்டே அத்தனையையும் மனப்பாடம் பண்ணினான். எச்சரிக்கை அட்டைகளைப் பற்றி வைத்த பரீட்சையில் என்னைவிட அவனுக்குத்தான் மார்க்.

அங்கே முதல் சட்டம் இது. லிஃப்டின் மேலே ஏறி வேலை பார்க்கிறவன் மெயின் சுவிட்சை இறக்கணும். தன் பூட்டைப் போட்டு, தன் போட்டோ ஒட்டின சிவப்பு அட்டையை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளணும். தவறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம்ம பக்கம் பூட்டு ஏது, அட்டை ஏது? சுவிட்சை இறக்கிவிட்டுத் தோளில் கிடக்கிற துண்டை அதன் மேல் போட்டுவிட்டுப் போவோம். வாட்ச்மேனோ, பெருக்குகிற அம்மாவோ, குடியிருக்கிறவர்களோ, எவரும் அந்தத் துண்டைத் தொட மாட்டார்கள். துண்டு தொங்கினால் மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அன்றைக்கு ரெயில் துடைக்கிற வேலை மாப்ளைக்கு. பக்கத்து அறையில் பிரேக் பிரிக்கிற வேலை எனக்கு. போகிற வழியில் சுவிட்சில் அவன் துண்டு தொங்குவதைப் பார்த்தேன். சரி, ஏறிவிட்டான் என்று நிம்மதியாகப் போனேன். அந்தக் கட்டடத்தில் நான் தடுமாறாமல் படித்தது அது ஒன்றைத்தான்.

பிரேக்கில் இரண்டு போல்ட் கழற்றியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. சுவிட்ச் பக்கத்தில் எங்களோடு படிக்கிற வேறு நாட்டுக்காரன் நிற்கிறான். நாங்கள் நெட்டை என்போம். நல்ல மனுஷன், ஆனால் எதுவும் இடம் மாறிக் கிடக்கக் கூடாது அவனுக்கு. யாரோ மறந்து போட்ட துணி என்று துண்டை எடுத்து, நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சுவிட்சையும் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனைத் தள்ளிவிட்டுச் சுவிட்சை இறக்கினேன்.

"மாப்ள!"

அந்த மாதிரி லிஃப்ட், கரண்டு வந்ததும் தானாகவே ஒரு மாடி தேடிப் போகும். மேலே போயிருந்தால் கூரைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு ஆள் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் கதவு இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

"டேய்! மாப்ள!"

"இருக்கேன் மாமா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கைக்குப் பக்கத்துல இருந்த ஸ்டாப் பட்டன் மேல அப்படியே விழுந்துட்டேன். முட்டி சிராய்ச்சிருக்கு. கூரைதான் ரொம்பப் பக்கத்துல தெரியுது."

இறக்கியதும் ஒரு அறை விடலாம் என்று கையை ஓங்கினேன். அதே கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பூட்டு எங்கடா?"

"அலமாரில. கை பழக்கத்துல துண்டைப் போட்டுட்டேன் மாமா."

வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. அவர் போனில் பேசினால் அது தமிழில் சொல்லும், செய்தி வாசிக்கிற பொம்பளைக் குரலில். அதை எங்கள் முன்னால் நீட்டினார்.

"மதிப்பிற்குரிய மாணவரே, நீங்கள் இறந்திருக்கக்கூடும்."

"மரியாதையாத்தான் சொல்லுது" என்று மாப்ள முணுமுணுத்தான். உதடு வெளுத்துக் கிடந்தது.

"வாய மூடு."

"விதியின்படி நீங்கள் நாடு திரும்ப வேண்டும்."

நெட்டை முன்னால் வந்து, துண்டைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு என்னவோ சொன்னான். கண்ணெல்லாம் தண்ணீர். நான் போனை வாங்கினேன். பேச்சு எனக்கு வராது, ஆனாலும் பேசினேன்.

"ஐயா, எங்க ஊர்ல அந்தத் துண்டுதான் அட்டை. ஒருத்தரும் தொட மாட்டாங்க. இவனுக்குச் சட்டம் தெரியும், கைக்குத்தான் தெரியல. இன்னொரு தடவ ஏத்திப் பாருங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

போன் அதை என்னவென்று மாற்றிச் சொன்னதோ. வாத்தியார் நெட்டை கையிலிருந்து துண்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். நாளைக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் தனியாகச் செய்யணும், ஒன்று தவறினாலும் விமானம்தான் என்றார்.

மறுநாள் மாப்ள பூட்டைப் போட்டான். இழுத்துப் பார்த்தான், மறுபடியும் இழுத்தான். அட்டையை மாட்டினான், சாவியைப் பைக்குள் போட்டான். மேலே ஏறியதும் ஸ்டாப் பட்டனை 'டக்'கென்று அமுக்கியது எனக்குக் கேட்டது. இனி அந்த லிஃப்டை யாராலும் அசைக்க முடியாது. எனக்குத் தெரியும். இருந்தாலும் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

வாத்தியார் போனை நீட்டினார். "நீங்கள் உங்கள் வேலைக்குச் செல்லலாம்."

தமிழே புரியாதவன் மாதிரி நின்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மேலே துணி தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

"மாப்ள?"

சுவிட்சை விட்டு நகராமல் கழுத்தை மட்டும் கதவுப் பக்கம் நீட்டினேன்.

"டேய்!"

"இருக்கேன் மாமா. துணி கீழ விழுந்திடுச்சு, வேற எடுக்கறேன்."

"எடுக்கும்போது சத்தம் குடு. எதையாவது பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

"ஒண்ணு ரெண்டு எண்ணித் தொல."

எண்ண ஆரம்பித்தான். இருபதைத் தாண்டினான், முப்பதைத் தாண்டினான். துணி மறுபடி தேய்த்தது. முதுகுக்குப் பின்னால் சுவிட்ச் பெட்டி சில்லென்று இருந்தது.

"நாப்பத்தி ரெண்டு... மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன். நிறுத்தாத."